காலி ஷாம்பு பாக்கெட்டுக்கு மதிப்பு இருந்த காலம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

மழைக்கு முன் நம் தெரு வடிகாலைத் தூர்வாரியபோது மேலே வந்ததை எல்லாரும் பார்த்தோம். ஷாம்பு பாக்கெட், பால் கவரின் மூலைத்துண்டு, காலி மாத்திரை அட்டை. அடைப்புக்கு இந்தப் பொடிசுகள் போதும்.

ஷாம்பு பாக்கெட்டைத் திட்டுமுன் ஒன்று சொல்லவேண்டும். அதன் வேர் நம் பக்கத்துக் கடலூரில் இருக்கிறது. பாட்டில் வாங்க வசதியில்லாத கூலித் தொழிலாளியும் வாங்கவேண்டும் என்று நினைத்தவர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலில் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவைக் கொண்டுவந்தார். கிரிவலம் வருகிறவர் இன்றும் ஒரு பாக்கெட்தானே வாங்குவார்? அதில் தப்பில்லை.

அந்தக் கம்பெனி ஒரு திட்டம் போட்டது. எந்த ஷாம்புவாக இருந்தாலும் 5 காலி பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். வியாபாரத் தந்திரம்தான், சுற்றுச்சூழல் அக்கறை இல்லை. ஆனாலும் காலி பாக்கெட் கடைக்குத் திரும்பி வந்தது, கவனியுங்கள்.

இன்று பழைய பேப்பர்காரர் அதைத் தொடமாட்டார். பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது, பிரிக்க முடியாது. மாத்திரை அட்டையும் பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் ஒட்டியதுதான். பால் கவர் ஒரே வகை பிளாஸ்டிக், அதற்கு விலை உண்டு. மூலையை முழுசாக வெட்டி எறியாமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறினால் போதும்.

2019 ஜனவரி 1-ல் கேரி பேக்குக்குத் தடை வந்தபோது பால், மருந்து உறைகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். நியாயம்தான், மருந்தை வேறெதில் அடைப்பது? ஆனால் 2016 விதிகளின்படி, உறையைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கும் உண்டு. நம் தெருவுக்கு யாரும் வந்து கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. கம்பெனிகளுக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதலாம் என்று முன்மொழிகிறேன்.

அதுவரை சங்க அலுவலக வாசலில் ஒரு சாக்கு வைப்போம். நிறைந்ததும் மாநகராட்சி வண்டியில் தனியாகக் கொடுப்போம். இந்த வகைப் பிளாஸ்டிக்கை சிமென்ட் ஆலைகள் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. ஷாம்பு பாக்கெட்டை அலசிக் காயவைத்துப் போடுங்கள். மாத்திரை அட்டை காலியாக இருக்கட்டும். காலாவதி மாத்திரை இருந்தால் சாக்கில் வேண்டாம், வண்டிக்காரரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள்.