மட்கார்டை வெட்டலாமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில் சம்பந்தமா பத்து நிமிஷம் பேசுங்க, அறிவுரை மட்டும் வேண்டாம்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக் கொண்டார். பெரிய விஞ்ஞானம் எதுவும் என்னிடம் இல்லை. பாலசமுத்திரத்தில் பட்டறை வைத்திருப்பவன் நான். தெற்கே தலை தூக்கினால் மலை. அடிவாரத்துத் தோப்புகளுக்கும் மலை எஸ்டேட்டுகளுக்கும் போய் வரும் ஜீப்பும் பிக்கப்பும்தான் என் வாடிக்கை. இப்போதெல்லாம் பையன்கள் வந்து கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, பெரிய டயர் போடணும், மட்கார்டை வெட்டித் தருவீங்களா?" என்பதுதான். அதையே இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இந்த ஆசைக்கு வயசு அதிகம். 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், போர்டு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் ராணுவ ஜீப்புகளைச் செய்தன. அதன் முன் மட்கார்டு சப்பட்டையான ஒரு தகடு, அவ்வளவுதான். சக்கரத்தைச் சுற்றி இடம் தாராளம். 1947-க்குப் பிறகு மகேந்திரா கம்பெனி அந்த ஜாதி ஜீப்பை நம் நாட்டில் கோத்து விற்க ஆரம்பித்தது. வயதானவர்கள் "ஜீப்புக்கு எந்த டயரும் சேரும்" என்று சொல்வது அந்த வண்டியை மனசில் வைத்துத்தான். பிறகு வந்த வண்டிகளில் மட்கார்டு உருண்டு, கீழே இறங்கி, சக்கரத்தை அணைத்துக் கொண்டது. பார்க்க அழகு. கல்லிலும் பள்ளத்திலும் ஏறும்போது உரசும்.

வேலைக்கு வருகிறேன். அடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. தோப்புக்காரரிடம் ஒரு பழைய ஜீப். ஆர்.சி.யை ஒப்படைத்து விட்டார். வேலியைத் தாண்டி ரோட்டுக்கு வராது. உரமும் தண்ணீர் டேங்கும் இழுக்க மட்டும். அதற்குக் கொஞ்சம் உயரமான டயர் போட்டிருந்தார், உரசியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் களத்திலேயே வைத்து வெட்டினோம். கூட நின்றவன் என் அக்கா மகன்.

முதலில் எங்கே உரசுகிறது என்று தெரிய வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு பக்கச் சக்கரத்தை மரக்கட்டை அடுக்கின் மேல் மெள்ள ஏற்றி, அந்தப் பக்கத்துப் பட்டை முழுக்க அமுங்கும்படி செய்யணும். டயர் விளிம்பில் சாக்பீஸை நன்றாகத் தேய்த்துவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பணும். சாக்பீஸ் தகட்டில் ஒட்டின இடம்தான் உங்கள் எதிரி. முன் சக்கரத்துக்குப் பெரும்பாலும் மட்கார்டின் பின்பக்கக் கீழ் மூலை, பின் சக்கரத்துக்கு மேல் உதடு. வெறும் கண்ணால் அளந்து வெட்டுகிறவன் தேவையில்லாத இடத்தை வெட்டுவான்.

அடுத்து, தகட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். விளக்கு வயர், பிரேக் ஹோஸ், டீசல் பைப் மூன்றில் ஏதாவது ஒன்று அங்கே ஓடும். சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்து, பேட்டரி வயரை எடுத்து விடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல். கிரைண்டர் பிடிப்பவன் தோளில் துண்டு, இடுப்பில் வேட்டி இரண்டும் கூடாது. கண்ணாடி கட்டாயம். கிரைண்டருக்கு மேல் இருக்கும் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்கிறவர்களை என் பட்டறை வாசலிலேயே நிறுத்தி விடுவேன்.

வெட்டுவதில் ஒரு நுணுக்கம் இருக்கு. மட்கார்டின் ஓரத்தில் உள்பக்கம் மடித்திருப்பார்களே, அது அழகுக்கு இல்லை. ஒரு காகிதத்தை நீட்டினால் தொங்கும், ஓரத்தை மடித்தால் நிமிர்ந்து நிற்கும். தகட்டின் பலமே அந்த மடிப்பில்தான். அதை அப்படியே வெட்டி எறிந்தால் தகடு டப்பா மாதிரி ஆடும், கொஞ்ச நாளில் விரிசல் விடும். அதனால் வெட்டின ஓரத்தில் மறுபடி ஒரு மடிப்பு எடுக்கணும், அல்லது 6 மி.மீ. கம்பியை வளைத்து ஓரம் முழுக்க வெல்டு வைக்கணும். பின் சக்கரப் பக்கம் இன்னும் கவனம். பல வண்டிகளில் அங்கே உள் தகடும் வெளித் தகடும் ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும். உதட்டை எடுத்தால் இரண்டும் பிரிந்து வாய் திறக்கும். மழைத் தண்ணீர் உள்ளே போய்த் தங்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் வெட்டி அப்படியே விட்ட வண்டியைத் தை மாசம் பாருங்கள், துரு தின்றிருக்கும். வெட்டின அன்றைக்கே அரம் போட்டு, ரெட் ஆக்சைடு அடித்து, ரப்பர் பீடிங் செருகிவிட வேண்டும். டயருக்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி, சேறு அப்பிக்கொள்ளும் என்பதால்.

சாயங்காலம் ஜீப் உரசாமல் போனது. அன்றைக்கு என் மருமகன் பிடித்த பிடிதான் இந்த உரைக்கே காரணம்.

"மாமா, என் பிக்கப்புக்கும் இதே மாதிரி செஞ்சு குடுங்க. 31 இஞ்ச் டயர் சொல்லி வெச்சுட்டேன்."

"எதுக்குடா மாப்ளே?"

"மலைக்கு வாழைத்தார் ஏத்தப் போறேன்ல. கல்லுல அடிபடுது மாமா."

அவன் வண்டி ரோட்டில் ஓடுவது. பழனி மலையில் விளையும் மலைவாழை உங்களுக்குத் தெரியும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழனி பஞ்சாமிர்தத்துக்கு உயிரே அந்தப் பழம்தான். அதை ஏற்றிக் கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். பின்னால் இரண்டு கூலியாட்களும் உட்கார்ந்து வருவார்கள், எவ்வளவு சொன்னாலும்.

திண்ணையில் உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். அவன் வண்டியின் டயர் 215/75 ஆர் 15. உயரம் சுமார் 703 மி.மீ. 31 அங்குலம் என்றால் 787 மி.மீ. நடுவிலிருந்து பார்த்தால் ஆரம் 42 மி.மீ. கூடுகிறது, ஏறத்தாழ 12 சதம். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 67-ல் போகும். அது சின்ன விஷயம். பிரேக் டிரம் அதேதான், சிலிண்டர் அதேதான், மிதிக்கிற கால் அதேதான். சக்கரம் மட்டும் நீளமான நெம்புகோல் ஆகிவிட்டது. அதே மிதிக்குத் தரையில் கிடைக்கிற பிடிப்பு சுமார் 11 சதம் குறையும். இறக்கத்தில் கியரில் போட்டு இஞ்சினால் வண்டியைப் பிடித்து நிறுத்துவோமே, அந்தப் பிடியும் அதே அளவு குறையும். ஏறும்போது இழுவையும் அப்படியே. எந்த மலைக்காக டயர் மாற்றுகிறானோ அந்த மலையிலேயே ஏறவும் சிரமம், இறங்கவும் ஆபத்து. மட்கார்டை எவ்வளவு நேர்த்தியாக வெட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே வருஷத் திருத்தத்தில் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சேற்றுக்காக ஒரு விரல் தகடு எடுத்தவனும், ஊரைக் கலக்க வண்டியை ராட்சசனாக்கியவனும் ஒரே தட்டில் நிற்கிறார்கள். ஆனாலும் விபத்து நடந்த மறுநாள் இன்சூரன்ஸ் சர்வேயர் டேப்பை நீட்டி அளக்கும்போது என் மனக்குறையைச் சொல்லி நஷ்டஈடு வாங்க முடியாது.

"தோப்பு ஜீப்புக்கு மட்டும் வெட்டினீங்க?" என்றான்.

"அது மலை இறங்காதுடா. ஆளும் ஏத்தாது."

கோபம். ஒரு மாசம் பட்டறைப் பக்கமே வரலை. அக்கா இரண்டு தடவை போன் செய்து, "என்னடா சொன்னே பிள்ளைகிட்ட?" என்று விசாரித்தாள். பிறகு ஒருநாள் அவனே வந்தான். பழைய அளவிலேயே, ஆழமான பல் வைத்த சேற்று டயர் நாலு வாங்கி மாட்டினோம். வண்டிக்கு அடியில் கல் படும் இடத்தில் ஒரு காப்புத் தகடும், தேய்ந்து போயிருந்த பின் பட்டைக்குப் புதுசும் போட்டேன். அவன் கேட்ட உயரத்தில் பாதி, அந்தத் தொய்ந்த பட்டையில்தான் தொலைந்திருந்தது. இப்போது வாரம் இரண்டு நடை போகிறான். அட்வான்ஸ் கொடுத்துவிட்டதால் அந்த 31 அங்குல டயர்களையும் வாங்க வேண்டியதாயிற்று. அவை அக்கா வீட்டு மாட்டுக் கொட்டகையில் அடுக்கியிருக்கின்றன. மேலே கோழி அடை உட்கார்ந்திருக்கிறது.

இந்தத் துறைத் தம்பிகள் யாருக்காவது அந்தக் கணக்கை வேறு டயர் அளவுக்குப் போட்டுப் பார்க்க வேண்டுமானால், மத்தியானப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காருங்கள். பேனா என்னிடம் இருக்கிறது.