குதிரின் மேல் யார் முகம்?



சிதம்பரம் கோயிலில் சிவகாமி அம்மன் சந்நிதி மண்டபத்தை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். நாயக்கர் காலத்துச் சித்திரங்கள் அவை. பிட்சாடனர் இருக்கிறார், மோகினி இருக்கிறாள். அந்தச் சிதம்பரத்துக்கே சோறு போட்ட பண்ணையாளின் முகத்தை நாம் தேடினோம். கண்ணில் படவில்லை.

ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில், பிரிம் என்றொரு குக்கிராமம். ஏறக்குறைய நூறு பேர்தான் ஜனம். அங்கே 1939இல் கட்டிய கோதுமைக் குதிர்கள் நிற்கின்றன. 'சிலோ' என்பார்கள். பத்து மாடி உயரம்! கைடோ வான் ஹெல்டன் என்ற ஓவியர் அவற்றின் மேல் நான்கு பேரைத் தீட்டி, 2016 ஜனவரியில் முடித்தார். யார் அந்த நால்வர்? ராஜாவா, மந்திரியா? வெயிலில் வாடிய உழவர்கள்! அதைக் காண எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வருகிறார்கள். பக்கத்து ஊர்க் குதிர்களிலும் பின்னர் சித்திரங்கள் எழுந்தன.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் குதிர்கள் பயன்பாடு ஒழிந்த பிறகே உழவன் அவற்றின் மேல் ஏறினான்.

நம் ஜில்லாவிலோ நெல் இருக்கிறது, வைக்க இடமில்லை. வெட்டவெளியில் அடுக்கிய மூட்டைகள் மழையில் முளைவிட்டதை நாம் கண்டோம். ஈரம் 17 சதத்தைத் தாண்டினால் வாங்கக் கூடாது என்கிறது விதி. கூரை போடாதது யார் குற்றம்? ஆலைத் தோழர்களே, கெட்ட நெல்லின் அரிசி உங்கள் ரேஷன் பையில்தான் வந்து விழும்!

ஊருக்கு ஊர் கூரையுள்ள களஞ்சியம் வேண்டும். அதன் சுவரில் நாற்று நடும் பெண்ணும் மூட்டை சுமக்கும் தோழரும் ஓங்கி நிற்கட்டும். காலிக் குதிரில் அல்ல, நெல் நிறைந்த களஞ்சியத்தில் நம் முகம் வேண்டும்!