அங்கே பார்த்தது, இங்கே யோசித்தது

(கூட்டமைப்புக் கூட்டத்தில் எண்ணூர் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் குவைத்தில் இரண்டு வருஷம் வீட்டு வேலை பார்த்தேன். முதல் நாள் குழாயைத் திறந்ததும் தண்ணி கொட்டுச்சு. லாரி சத்தம் கேட்டு குடத்தோட ஓடினவளுக்கு அது அதிசயம்! ஆறே இல்லாத நாடு. கடல் தண்ணியை உப்பு நீக்கித்தான் குடிக்கிறாங்க. நம்ம காட்டுப்பள்ளியிலும் 2010-இல் அந்த மாதிரி ஆலை வந்தது.

கோடையில் மாடித் தொட்டித் தண்ணி கொதிக்கும். ஹீட்டரை நிறுத்தி வச்சு, அதில் ஆறின தண்ணியில்தான் குளிப்போம். சாப்பாடு ஒரே பெரிய தட்டில். பெண்களும் பிள்ளைகளும் சுத்தி உட்கார்ந்து சேர்ந்தே சாப்பிடுவாங்க. நம்ம வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட மிச்சம்தானே நமக்கு?

போன அன்றே என் பாஸ்போர்ட்டை அந்த வீட்டில் வாங்கி வச்சுக்கிட்டாங்க. 2015-ஆம் வருஷத்து குவைத் சட்டப்படி நம்ம சம்மதம் இல்லாம அதை வைக்கக் கூடாது. தினம் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு நாள் லீவு. இதெல்லாம் எனக்குத் தெரியலை. அதனால கேட்கவும் இல்லை.

ஒண்ணு மட்டும் புரிஞ்சுது. அதே பெருக்கல், துவையல், சமையல். அங்கே அதுக்குச் சம்பளம், நேரக் கணக்கு. இங்கே விடியக்காலை எழுந்து செய்துட்டு, "வீட்டில் சும்மாதான் இருக்கேன்" என்கிறோம். இனி அப்படிச் சொல்லாதீங்க.

வெளிநாடு போறவங்க, ஏஜென்ட் அரசுப் பதிவு பெற்றவரான்னு விசாரிங்க. டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போகாதீங்க. பாஸ்போர்ட் ஜெராக்ஸும் போற வீட்டு விலாசமும் குழுவில் கொடுத்துட்டுப் போங்க.