வீட்டுக் கணக்கே முதல் கணக்கு



"எனக்கே இப்போதுதான் எழுத்து வந்தது. நான் என் பிள்ளைக்கு என்ன கணக்குச் சொல்லிக் கொடுப்பேன்?" தாய்மார்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள்.

கேட்பவர் யார்? கீரைக்கட்டு விற்பவர். நூறு ரூபாய் நோட்டுக்கு மீதிச் சில்லறை தவறாமல் தருபவர். பூவை முழம் போட்டு விற்பவர். பானையில் இருக்கும் சோறு எத்தனை பேருக்கு வரும் என்று கண்ணால் பார்த்தே சொல்பவர். இவருக்கு எழுத்து பிந்தி வந்தது. ஆனால் கணக்கு எப்போதோ வந்துவிட்டது.

அந்தக் கணக்கைப் பிள்ளையின் கையில் கொடுப்பது எப்படி? அதுதான் இன்றைய பேச்சு.

சொல்வது வேறு, எண்ணுவது வேறு

நான்கு வயதுப் பிள்ளை ஒன்று. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று இருபது வரை மூச்சு விடாமல் சொல்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பெருமை. அம்மா கூப்பிட்டு, "நாலு வெங்காயம் எடுத்து வா, கண்ணு" என்கிறார். பிள்ளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வருகிறது. ஏழெட்டு வெங்காயம் இருக்கிறது.

இருபது வரை சொன்ன பிள்ளைக்கு நாலு ஏன் தெரியவில்லை?

ஒப்பிக்க வாய் போதும். எண்ணுவதற்குக் கண் வேண்டும், கை வேண்டும், பொருள் வேண்டும். ஒரு பொருளைத் தொட வேண்டும். ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். ஒன்றையும் விடக்கூடாது. ஒன்றை இரண்டு முறை தொடக்கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்றும் தெரிய வேண்டும்.

இது தெரியாமல் பிள்ளை முதல் வகுப்புக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் கரும்பலகையில் 5 என்று எழுதுகிறார். பிள்ளைக்கு அது வெறும் கோடு. அடுத்துக் கூட்டல் வருகிறது. கழித்தல் வருகிறது. பிள்ளை பின்தங்குகிறது. "எனக்குக் கணக்கு வராது" என்று தானே முடிவு செய்துகொள்கிறது. அந்த எண்ணம் வந்துவிட்டால் போக்குவது கடினம்.

அதனால்தான் அரசும் இதில் கவனம் வைத்தது. 2021-இல் 'நிபுண் பாரத்' திட்டம் தொடங்கியது. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் படிக்கவும் எளிய கணக்குப் போடவும் வர வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் இதற்கு அடித்தளம் போடும் இடம் வீடு.

முற்றமே பள்ளி

"எங்கள் வீட்டில் பொம்மை இல்லையே" என்று சிலர் நினைக்கலாம். மகாராஷ்டிர மாநிலத்தில் தாராபாய் மோடக் என்ற அம்மையார் இருந்தார். 1945-இல் போர்டி என்ற கிராமத்தில் சிறு குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அனுதாய் வாக் என்பவர் அவருக்குத் துணை நின்றார். பிறகு கோஸ்பாட் என்ற ஊரில் பழங்குடிப் பிள்ளைகளுக்காகப் பணி செய்தார்கள். விலை உயர்ந்த பொம்மைகளை அவர்கள் தேடவில்லை. கல், இலை, பூ, கிளிஞ்சல் ஆகியவையே பாடப்பொருள்கள். மரத்தடியும் முற்றமுமே வகுப்பறை.

1975-இல் நாட்டில் அங்கன்வாடிகள் தொடங்கின. 'ஆங்கன்' என்றால் முற்றம் என்று பொருள்.

என்னென்ன செய்யலாம்?

முதலில் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். துவைத்த துணியில் அப்பா துணி ஒரு பக்கம், பாப்பா துணி ஒரு பக்கம். வெங்காயத்தில் பெரியது தனி, சிறியது தனி. எந்தக் குடத்தில் தண்ணீர் கூட இருக்கிறது? எந்தக் கயிறு நீளம்? இப்படிப் பேசிக்கொண்டே வேலை செய்யுங்கள். எண் இல்லாமலேயே இதில் கணக்கு இருக்கிறது.

அடுத்து, ஆளுக்கு ஒன்று. சாப்பிடும் நேரத்தில் பிள்ளையே தட்டு வைக்கட்டும். அப்பாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று. ஒரு தட்டு குறைந்தால் நீங்கள் சொல்லாதீர்கள். "யாருக்குத் தட்டு இல்லை?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை தானே கண்டுபிடிக்கும்.

அதன் பிறகு எண்ணுதல். மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டு, மூன்று பொருள் போதும். ஐந்து வயதுக்குள் மெல்ல மெல்லப் பத்து வரை போகலாம். எண்ணி முடித்ததும், "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். பிள்ளை மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், மொத்தம் என்பது இன்னும் புரியவில்லை. பரவாயில்லை. இன்னும் சில நாள் விளையாடுங்கள்.

ஐந்து கல்லை நெருக்கி வையுங்கள். பிறகு தள்ளித் தள்ளி வையுங்கள். "இப்போது கூடிவிட்டதா?" என்று கேளுங்கள். "ஆமாம்" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அதுவும் வயதுக்கு ஏற்றதுதான். எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்து இட்லியில் இரண்டு தின்றாகிவிட்டது. மீதி எத்தனை? எல்லாம் தின்றுவிட்டால்? ஒன்றும் இல்லை. அந்த 'ஒன்றும் இல்லை' என்பதுதான் பூஜ்யம்.

வீட்டில் பல்லாங்குழி இருந்தால் எடுங்கள். ஒரு பக்கம் ஏழு குழி, மறு பக்கம் ஏழு குழி. குழிக்கு ஒரு காய் போட்டுக்கொண்டே போவது நல்ல எண் பயிற்சி. புளியங்கொட்டை போதும். குன்றிமணி வேண்டாம். அதன் விதையில் கடும் நஞ்சு இருக்கிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் எந்தச் சிறு கொட்டையையும் கொடுக்காதீர்கள். வாயில் போடும், தொண்டையில் சிக்கும். மற்றப் பிள்ளைகள் விளையாடும்போதும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருங்கள்.

செய்யக் கூடாதவை

மூன்று வயதுப் பிள்ளையை உட்கார வைத்து ஒன்று முதல் நூறு வரை எழுத வைக்காதீர்கள். அந்த விரல்களுக்கு இன்னும் அந்த வலு வரவில்லை. எண்ணத் தெரிந்த பிறகு எழுத்து வரட்டும்.

விரல் விட்டு எண்ணினால் தடுக்காதீர்கள். விரல்தான் பிள்ளையின் முதல் மணிச்சட்டம். வீட்டில் பேசும் மொழியிலேயே எண்ணுங்கள். 'ஒண்ணு' புரிந்த பிள்ளைக்கு 'ஒன்று' பள்ளியில் எளிதாக வரும்.

தப்பாகச் சொன்னால் அடிக்காதீர்கள், ஏசாதீர்கள். "மறுபடி எண்ணலாமா?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் ஒரே விளையாட்டைக் கொடுங்கள். ஆணும் தட்டு வைக்கட்டும். பெண்ணும் கடைக்கு வந்து சில்லறையை எண்ணட்டும்.

இது அம்மாவின் வேலை மட்டும் அல்ல. வேலை முடிந்து வரும் அப்பாவும் பத்து நிமிடம் உட்காரலாம். தாத்தா, பாட்டி, அக்கா எல்லோரும் சேரலாம். தனியாக நேரம் ஒதுக்க முடியாத வீட்டில், செய்கிற வேலையிலேயே பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களான பிறகு எழுத்துக் கற்றவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும். பிள்ளைக்கு அந்தச் சிரமம் வேண்டாம். உங்களிடம் உள்ள கணக்கை இன்றே பிள்ளைக்குக் கொடுக்கத் தொடங்குங்கள்.