தொலைவில் கேட்கும் துயரச் செய்தி



புயல், வெள்ளம், மண்சரிவு என்று எங்கிருந்தோ செய்தி வருகிறது. அங்கே நம் உறவினர் இருக்கிறார்கள். தொலைவில் இருந்துகொண்டு நாம் என்ன செய்ய முடியும்? பதறுவதும் அழுவதும் இயல்பு. ஆனால் அதற்கு மேலும் செய்யக் கூடியது உண்டு. அதைப் பற்றி இன்று பேசுவோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால், கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அப்போது இந்தியாவில் காலை சுமார் 6.30 மணி, சிங்கப்பூரில் 9 மணி. நாங்கள் வசிக்கும் பாசிர் ரிஸ் கடலோரப் பகுதிதான். 'பாசிர்' என்றாலே மலாய் மொழியில் மணல். ஆயினும் எங்கள் கரைக்கு ஆழிப்பேரலை வரவில்லை. சுமத்ராத் தீவு குறுக்கே சுவர் போலக் கிடந்து காத்தது. மேற்கு நோக்கிப் போன அலையோ வங்கக்கடலைக் கடந்து தமிழகத்தைத் தாக்கியது. நம் முன்னோர் பலர் கப்பலேறிய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர்.

அலை அக்கரை சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆனால் முன்கூட்டி எச்சரிக்க, இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கு அந்நாளில் பொதுவான அமைப்பு இல்லை.

ஆயினும் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் ஊருக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. எப்படித் தெரியுமா? அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். வானொலி, தொலைக்காட்சிச் செய்தியறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் வீட்டுக்குள் கசிகிறது என்றார் அவருடைய சகோதரி. "உடனே வெளியேறுங்கள், ஊராரிடமும் சொல்லுங்கள்" என்றார் இவர். ஊர்க்காரர் இருவர் தகவல் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப அறிவித்தனர். சுமார் 150 வீடுகளும் 200 படகுகளும் அழிந்தன. 3,600க்கும் மேற்பட்ட மக்களில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அவர் நலம் விசாரித்ததோடு நிற்கவில்லை. செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொன்னார். கேட்டவர்களும் தாமதிக்கவில்லை.

தோட்டத்து மக்களுக்குக் கடலைவிட மலைதான் அருகில். இலங்கையில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில், 2014 அக்டோபர் 29 அன்று மண் சரிந்து லயங்களை மூடியது. அது ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். அந்த எச்சரிக்கை குடும்பங்களை வேறிடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

ஆகவே தாய்மார்களே, பெரியோர்களே, அடைமழைக் காலத்தில் கவனமாயிருங்கள். தரையிலும் சுவரிலும் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கும் ஊற்று, சட்டென வற்றும் ஓடை ஆகியவை மண்சரிவின் அறிகுறிகள். கண்டவுடன் சாமான்களை எடுக்க நில்லாமல், சரிவை விட்டு விலகிப் போய்விடுங்கள். போகும் இடத்தை முன்னதாகவே முடிவு செய்து, பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள்.

வெளியூரில் இருக்கும் உங்கள் மக்களிடம் அண்டை வீட்டார் எண்ணையும் கொடுத்து வையுங்கள். அவர்கள் அதிகாரிகளின் அறிவிப்பைக் கேட்டு உங்களுக்குச் சொல்லட்டும்; வதந்தியைப் பரப்ப வேண்டாம். பணம் பிறகு வரலாம். வேளையறிந்து வரும் சொல்லே முதல் உதவி.