தீபாவளியும் வீட்டுத் தாயின் உடல்நலமும்



தீபாவளி நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் அதிகமாக உழைப்பவர் யார் என்று கேட்டால் சிறு பிள்ளையும் பதில் சொல்லிவிடும். விடியுமுன் எழுந்து பிரட்டுக்குப் போய், மரம் சீவியோ வெளிக்காட்டு வேலை செய்தோ திரும்பும் அம்மா, மாலையில் மாவு பிசைந்து நள்ளிரவு வரை முறுக்கு சுடுகிறார். வீட்டைக் கழுவுவதும் அவர்தான், திரைச்சீலை மாற்றுவதும் அவர்தான். அந்த வாரத்தில் அவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று நாம் கணக்குப் பார்ப்பதில்லை.

அவருக்கு மிகவும் ஆபத்தான நாள், பண்டிகைக்கு முந்திய நாள். அன்று முன்னோருக்குப் படையல். இலை போட்டுக் கும்பிடும்வரை சமைப்பவர் வாயில் எதையும் போடக்கூடாது என்பது பல வீடுகளில் வழக்கம். உடல்நலம் உள்ளவர் ஒருநாள் பட்டினியைத் தாங்கிக்கொள்வார். ஆனால், 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். ஆகவே, அடுப்படியில் நிற்கும் தாய்மார்களில் பலர் இனிப்புநீர் உள்ளவர்களே.

காலையில் வழக்கம்போல் மாத்திரையை விழுங்குகிறார், அல்லது இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார். ஆனால் பசியாறவில்லை. இன்சுலினும் சிலவகை மாத்திரைகளும் சாப்பிடாதவருடைய இரத்தத்திலும் சீனியைக் குறைத்துக்கொண்டே போகும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும். அடுப்புச் சூடுதான் காரணம் என்று அவரே எண்ணிக்கொள்வார். அவர் முன்னாலோ கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி!

அந்த நேரத்தில் அடுப்பை அணைத்து, அவரை உட்கார வைத்து, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளிவு வராவிட்டால் மீண்டும் கொடுக்கலாம். தெளிந்ததும் சாப்பிட வைக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உடனே 999க்கு அழைக்க வேண்டும்.

"படையலுக்கு முன் சாப்பிட்டால் குற்றமாகாதா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். படையலிடுகிற மகளோ மருமகளோ மயங்கி விழுவதை எந்த முன்னோர் விரும்புவார்? சமையல் தொடங்குமுன் நாலு இட்டிலி சாப்பிட்டுவிட்டுக் குளித்து அடுப்படிக்குப் போகலாம். அல்லது, அன்று வேறொருவர் சமைக்கட்டும். செம்பனைக் குலையை அறுத்துத் தூக்குகிற கைகளுக்கு முறுக்கு அச்சைப் பிழிவது ஒன்றும் பாரமில்லை, ஐயா!

தூக்கக் கலக்கத்தில் எண்ணெய் தெறித்து விட்டால், வளையலையும் மோதிரத்தையும் உடனே கழற்றிவிட்டு, சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசையும் கிச்சாப்பும் பூசுகிற பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அவை புண்ணைக் கெடுக்குமே தவிர ஆற்றா. பனிக்கட்டியும் வைக்க வேண்டாம்.

புதுச் செருப்பும் கவனிக்க வேண்டியதே. நீரிழிவு முற்றியவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். செருப்பு கடித்தது தெரியாமலே நாள் முழுவதும் உறவினர் வீடுகளுக்கு நடந்துவிடுவார். இரவில் பிள்ளைகள் விளக்கு வெளிச்சத்தில் அம்மாவின் பாதத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

தீபாவளி பொது விடுமுறை நாளாதலால் அரசாங்கக் கிளினிக்குகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். மருந்து தீர்ந்துபோகுமா என்று முந்திய வாரமே எண்ணிப் பார்த்துக் கிளினிக்குக்குப் போய்விடலாம், அங்கே குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். படையல் நாளன்று மருந்தை எந்த நேரத்தில், எந்த அளவில் எடுப்பது என்பதையும் அப்போதே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நாமாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.