கரை காப்பது யார் கடமை?

மேற்கு மலையில் இரவில் கொட்டும் மழை, விடியுமுன் காட்டாறாகி வத்திராயிருப்பு வயல்களைத் தேடி வரும். அதனை அடக்கிச் சோறாக்கவே திருவில்லிபுத்தூர்ப் பக்கம் பிளவக்கல்லில் பெரியாறும் கோவிலாறும் அணைகட்டி மறிக்கப்பட்டன. மண்கரைக்குப் பகை தேங்கும் நீரன்று. தலைமீறி வழியும் நீரே! வழிந்த நீர் அரிக்கும், அரிப்பு உடைப்பாகும். மிகுநீர் போக வழி வேண்டும். அணைக்கு மட்டுமா? அதன்கீழுள்ள 40 கண்மாய்களுக்கும் அதுவே விதி!

கரைகாக்க வராத உழவரைத் தண்டிக்க 1858-இல் வெள்ளையராட்சி சட்டமியற்றியது. நீர்நிலையை விழுங்குவோரை வெளியேற்ற 2007-இல் நம் சட்டமன்றம் சட்டமியற்றியது. முன்னது ஏழைமீது பாய்ந்தது. பின்னது ஏட்டிலே உறங்கலாமா?

ஐப்பசிக்குமுன் உங்களூர் மறுகாலை நடந்து பாருங்கள். அடைப்பு மண்ணானால் வெட்டுங்கள். ஆக்கிரமிப்பானால் தட்டிக் கேளுங்கள்! உடைந்தபின் ஓடிவருவது இரக்கம். உடையாமற் காப்பதே அரசியல்!